பேராசிரியர் வகுத்த அளவுகோல்

குல்ஜாரிலால் நந்தா என்றதும், 1964இல் நேருவும் 1966இல் சாஸ்திரியும் மறைந்தபோது சில நாட்கள் பிரதமர் பொறுப்பை வகித்தவர் என்பதே பலருக்கு நினைவில் எழும். அதைக் காட்டிலும் நிலைத்து நின்ற காரியம் ஒன்றை அவர் செய்திருக்கிறார்.

1898இல் சியால்கோட்டில் பிறந்த நந்தா, அலகாபாத்தில் தொழிலாளர் பிரச்சினைகளை ஆராய்ந்து, 1921இல் பம்பாய் நேஷனல் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். ஆசிரியப் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. ஒத்துழையாமை இயக்கம் அவரை ஈர்த்தது. மறு ஆண்டே ஆமதாபாத் நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் காரியதரிசியாகி, 1946 வரை அங்கே உழைத்தார். காந்தியடிகளின் வழிவந்த அச்சங்கம் மத்தியஸ்தத்தையே முதலில் நாடும். வேலைநிறுத்தம் கடைசி ஆயுதம். மத்தியஸ்தர் முன்னிலையில் கோபம் செல்லாது, கணக்கு வேண்டும். தானியத்துக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்று எடுத்துரைக்கப் பேராசிரியரின் படிப்பு கைகொடுத்தது.

சிறைவாசம், பம்பாய் மந்திரி பதவி, திட்டக் கமிஷன் ஆகியவற்றைக் கடந்து 1957க்கு வருவோம். அப்போது அவர் மத்தியத் தொழிலாளர், திட்ட மந்திரி. அவ்வாண்டு டில்லியில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பும் குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அளவுகோலை ஏற்றன. சம்பாதிப்பவர் ஒருவர், உண்பதற்கு மூன்று பேரின் பங்கு, வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி, நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்கு முதலியவற்றுக்கு மொத்தத்தில் இருபது சதவீதம். தலைக்குப் பதினெட்டு கஜம் என்றால் மூன்று புடவை. ரவிக்கைக்கு எங்கே போவது என்று இல்லத்தரசிகள் கேட்கலாம்! ஆயினும் ஏழையின் தேவை இவ்வளவு துல்லியமாக அரசாங்க ஏட்டில் ஏறியது பெரிய காரியமே.

சோதனை விரைவில் வந்தது. 1959இல் இரண்டாவது சம்பளக் கமிஷன், இந்த அளவின்படி கொடுக்க நாட்டின் பொருளாதாரம் இடம் தராது என்று கூறி, 80 ரூபாயோடு நிறுத்தியது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து அதனை அடக்கியது. தாம் முன்னின்று வகுத்த அளவைத் தம் அரசே கைவிட்டபோதும் நந்தா மந்திரிசபையில் நீடித்தார். இது எனக்கு உவப்பானதன்று. ஆனால் திட்ட மந்திரியும் அவரே. பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் அவரே விடை சொல்ல வேண்டியிருந்தது.

நந்தா 1998இல் ஆமதாபாத்தில் காலமானார். அதற்கு முன்பே, 1991இல், சுப்ரீம் கோர்ட் அந்த அளவுகோலை ஏற்று, கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்காக இன்னும் இருபத்தைந்து சதவீதம் சேர்க்கச் சொல்லியிருந்தது. 2015இல் ஏழாவது சம்பளக் கமிஷன் 18,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாகப் பரிந்துரைத்தபோது, அதன் அறிக்கையிலும் அரிசி, பருப்பு, துணி என்று அதே கணக்குதான் தொடங்கியது.