மலையடிவாரத்து அடுப்புகள்

மூன்று கல்லைக் கூட்டிய அடுப்பு சுள்ளி, வறட்டி, தென்னை மட்டை என எதையும் எரிக்கும். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் உலை வைக்க அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அந்த எளிமைக்கு விலை கொடுத்தது அந்த மலையின் சரிவுதான். விறகு வெட்டுதலும் மேய்ச்சலும் தீயும் சேர்ந்து மலையை மொட்டையாக்கின. பிறகு தன்னார்வலர்கள் மரம் நட வேண்டியதாயிற்று. யாத்திரிகர் பொறுக்கியது சில சுள்ளிதானே என்பார்கள். உண்மை, ஊரின் தினசரி அடுப்பே பெரிய காரணம். ஆயினும் கார்த்திகைக் கூட்டத்தின் சுள்ளியும் அதே சரிவிலிருந்துதான் வந்தது.

அதனால் விறகு கேட்காத பம்ப் ஸ்டவ்வின் வருகையை நான் பெரிதாக மதிக்கிறேன். 1892இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ்தான் அதன் மூலம். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பர்னர் நன்றாகச் சூடேறியபின் காற்றடித்தால் மண்ணெண்ணெய் ஆவியாகி நீலமாய் எரியும். அவசரப்பட்டால் மஞ்சள் தீ எழும்பிப் பாத்திரம் கரிபிடிக்கும். துவாரம் அடைத்தால் ஸ்டவ் ஊசியால் குத்த வேண்டும். ஸ்டவ் வெடித்து எத்தனை பெண்கள் மாண்டார்கள் என்ற கேள்வி நியாயமானது. அழுக்கு எண்ணெயும், பெட்ரோல் கலப்பும், தேய்ந்த வாஷரும் கொன்றன. பல எரிபொருளுக்கென்றே செய்த அடுப்புகள் சிலவற்றில்கூட எண்ணெய்க்கேற்ப ஜெட்டை மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த எச்சரிக்கையை வீடுகளுக்குச் சொல்லித்தர நாம் தவறினோம்.