ஆள்களப் பெயர்ச் சேவையகங்கள்: பாதுகாப்புத் திருத்தங்களின் வரலாறு

இலங்கையின் சம்பூரில் ஒருவர் கைப்பேசியில் தன் வங்கியின் இணைய முகவரியைத் தட்டினால், அந்தப் பெயருக்குரிய ஐ.பி. எண்ணை முதலில் தேடித் தருவது ஆள்களப் பெயர்ச் சேவையகம். பொதுவாக அதை அவருடைய இணையச் சேவை நிறுவனமே நடத்துகிறது. டி.என்.எஸ். எனப்படும் இந்த ஏற்பாட்டை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். ஓரிரு ஆண்டுகளில் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் ‘பைண்ட்’ என்ற சேவையக மென்பொருளை எழுதினர். வரும் பதில் உண்மையானவரிடமிருந்துதான் வந்ததா என்று சோதிக்க அப்போது வழி எதுவும் வைக்கப்படவில்லை. பிற்காலத் திருத்தங்களில் முக்கியமானவை இந்த ஒரு குறையைச் சுற்றியே வந்தன.

இலங்கைக்குரிய ‘.எல்கே’ 1990இல் உருவானது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸ் அதன் பதிவகத்தை முன்னின்று நடத்தினார். அதே ஆண்டு அமெரிக்காவில் ஸ்டீவன் பெலோவின், பொய்ப் பதில்களைக் கொண்டு கணினிகளுக்குள் நுழைய முடியும் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆபத்தை உணர்ந்து 1995 வரை அதை வெளியிடாமல் வைத்திருந்தார். 1997இல் யூஜின் காஷ்பியூரெஃப் என்பவர், பெயர்ப் பதிவு நிறுவனமான இன்டர்நிக்கைத் தேடி வந்தவர்களைத் தன் தளத்துக்குத் திருப்பிவிட்டார். 2001இல் பைண்ட் 8இல் இருந்த ஓட்டை வழியாக ‘லயன்’ என்ற கணினிப் புழு லினக்ஸ் சேவையகங்களில் பரவியது. அந்த ஓட்டைக்கான திருத்தம் புழு வருவதற்கு முன்பே வெளியாகிவிட்டது. பலர் அதை நிறுவவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய திருப்பம் 2008இல் வந்தது. சேவையகம் ஒரு கேள்வியை அனுப்பும்போது அதனுடன் 16 பிட் எண் ஒன்றைச் சேர்க்கும். அதே எண்ணோடு முதலில் வரும் பதிலை ஏற்றுக்கொள்ளும். பொய்ப் பதில் அனுப்புபவர் ஊகிக்க வேண்டிய எண்கள் 65,536 மட்டுமே. ஏமாற்றுபவர் ஒருமுறை தவறவிட்டால், உண்மைப் பதில் தற்காலிக நினைவகத்தில் தங்கிவிடும். அது காலாவதியாகும்வரை அவர் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பையே பாதுகாப்பு என்று பலரும் நம்பியிருந்தனர். காத்திருக்கவே தேவையில்லை என்று பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி கண்டார். ஒரு ஆள்களத்தின் கீழ் இல்லாத பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், ஒவ்வொரு கேள்வியும் புதிய வாய்ப்பு. ஒரு பொய்ப் பதில் நுழைந்துவிட்டால், ‘இந்த ஆள்களத்துக்குப் பொறுப்பான சேவையகம் இதுதான்’ என்ற பொய்யையும் கூடவே கொண்டுவரும். ஒரு பெயர் மட்டுமல்ல, ஆள்களம் முழுவதும் கைமாறிவிடும்.

காமின்ஸ்கி இதை விளம்பரப்படுத்தவில்லை. 2008 மார்ச் 31 அன்று ரெட்மண்டில் மைக்ரோசாப்ட் வளாகத்தில் டி.என்.எஸ். வல்லுநர்கள் 16 பேர் இரகசியமாகக் கூடினர். போட்டி நிறுவனங்கள் தங்கள் திருத்தங்களை ஜூலை 8 அன்று ஒரே நாளில் வெளியிட்டன. இந்தத் துறையின் நேர்மைக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. திருத்தம் எளியது: கேள்வி புறப்படும் துறை (port) எண்ணையும் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பது. ஊகிக்க வேண்டிய சேர்க்கைகள் 400 கோடி வரை உயர்ந்தன. டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் மென்பொருளில் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். திருத்தத்தை நிறுவியும் பயன் கிடைக்காத இடங்கள் இருந்தன. சேவையகத்துக்கு முன்னால் நின்ற சில தீச்சுவர்கள், தற்செயலான துறை எண்களை மீண்டும் வரிசைப்படுத்தியே வெளியே அனுப்பின.

நிலையான தீர்வாகக் கருதப்பட்டது பதில்களை மின்னணுக் கையொப்பத்தால் சரிபார்க்கும் டி.என்.எஸ்.செக் என்ற முறை. 2010 ஜூலை 15 அன்று, ஆள்களப் பெயர் அடுக்கின் உச்சியிலுள்ள மூல வலயம் கையொப்பமிடப்பட்டது. ‘.எல்கே’யும் தொடக்க காலத்திலேயே இதில் இணைந்தது. ‘.இலங்கை’ என்ற தமிழ் ஆள்களம் கிடைத்ததும் 2010இல்தான்.

ஆனால் 2021 பெப்ரவரி 6 அன்று காலை, கூகுளின் இலங்கை முகவரி உட்படச் சில ‘.எல்கே’ பெயர்களைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தனர். தேயிலைத் துறை, ஊடகச் சுதந்திரம், சிறுபான்மையினர் விவகாரங்கள் ஆகியவற்றைப் பற்றி அங்கே எழுதப்பட்டிருந்தது. பதிவகம் அன்று காலையே நிலைமையைச் சீராக்கியது. சேவையகத் திருத்தங்களின் எல்லை இத்தகைய நிகழ்வில் தெரிகிறது. பதிவகத்தின் ஏட்டிலேயே ஒரு பதிவு மாற்றப்பட்டால், அந்தப் பொய் முறையான கையொப்பத்தோடு வெளியேறும். அதைப் பெறும் சேவையகம் எவ்வளவு புதியதாக இருந்தாலும் பிழை காணாது. எனவே பதிவகங்களின் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் காப்பது மென்பொருளைத் திருத்துவதற்கு எந்த வகையிலும் குறைந்த வேலையல்ல.

கையொப்ப முறையும் புதிய ஓட்டைக்கு இடம் தந்தது. 2024 பெப்ரவரியில் ஜெர்மனியின் அத்தேனே ஆய்வு மையம் ‘கீட்ராப்’ என்ற பலவீனத்தை வெளிப்படுத்தியது. ஏராளமான சாவிகளையும் கையொப்பங்களையும் அடைத்த ஒரே பதிலைச் சரிபார்க்கப் போய், பைண்ட் 16 மணி நேரம் வரை முடங்கக்கூடும். குற்றம் நிரலில் மட்டும் இல்லை. கிடைக்கும் சாவிகள் அனைத்தையும் முயன்று பார்க்கச் சொன்ன தரவிதியிலேயே இருந்தது. சரிபார்ப்பு முயற்சிகளுக்கு வரம்பு வைக்கும் திருத்தம் பைண்ட் 9.16.48, 9.18.24 ஆகிய பதிப்புகளில் வந்தது. 9.16 தொடருக்கான ஆதரவை, பைண்டைப் பராமரிக்கும் ஐ.எஸ்.சி. அமைப்பு அதே ஆண்டில் முடித்துக்கொண்டது. அதற்குப் பின் கண்டறியப்படும் ஓட்டைகளுக்கு அந்தத் தொடரில் பொதுத் திருத்தம் வெளிவருவதில்லை. அதை ஓட்டுபவர்கள் 9.18 அல்லது அதற்குப் பிந்தைய தொடருக்கு மாற வேண்டியிருந்தது.