பழைய ரிங் எங்கே?

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் அரை லிட்டர் புது இன்ஜின் ஆயிலைக் கொட்டினேன். கை தவறிக் கொட்டவில்லை. 2004ஆம் வருஷத்து மாருதி 800க்கு நானே ஆயில் மாற்றி, நானே ஃபில்டர் மாட்டி, சாவியைத் திருகினேன். டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு அணைந்தது. அப்பாடா என்று இறங்குவதற்குள் காருக்கு அடியில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் தேன் நிறத்தில் ஒரு குளம், டைல்ஸ் இடுக்கு வழியாக வாசல் கோலத்தைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தது.

"முதல்ல வண்டியை ஆஃப் பண்ணுங்க" என்றாள் மனைவி. அவளுக்கு கார் ஓட்டத் தெரியாது. அன்றைக்கு அந்த போர்ட்டிகோவில் நடந்த ஒரே சரியான வைத்தியம் அதுதான். அந்த இன்ஜினுக்கு மொத்தமே ஏறக்குறைய மூன்று லிட்டர் ஆயில். இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் பேரிங் போயிருக்கும்.

அடுத்து எல்லோரும் செய்கிறதையே நானும் செய்தேன். ஃபில்டரை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். ஸ்டார்ட் செய்தேன். முன்னைவிட வேகமாகக் கொட்டியது. பிறகு ஆயில் தேங்குகிற சம்ப்பின் அடியிலிருக்கும் டிரெயின் பிளக் மேல் சந்தேகம் வந்தது, ஏனென்றால் சொட்டு அங்கிருந்துதான் விழுந்தது. ஆனால் ஆயில் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஒழுகுகிறது என்று சொல்லவே முடியாது. மேலே கசிந்து, இன்ஜினின் விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு நடந்து, தாழ்ந்த இடமாகப் பார்த்து விழும். பனியன் வேஸ்ட்டால் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்தேன். மனைவியின் முகப் பவுடர் டப்பாவை எடுத்து வந்து (கேட்காமல்தான்) பிளக் மேலும் ஃபில்டர் விளிம்பிலும் தூவினேன். ஐந்து விநாடி ஓட விட்டேன். பிளக் மேல் பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது. ஃபில்டரின் விளிம்பில் குழைந்து சேறாகியிருந்தது.

ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்து, இன்ஜின் பக்கத்து முகத்தை விரலால் தடவினேன். பளபளப்பாக இருக்க வேண்டிய இரும்பில் ஒரு சின்ன மேடு. நகத்தால் நெம்பினால் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் உரிந்து வந்தது. பழைய ஃபில்டரின் ரிங். குப்பைக்கூடையிலிருந்து பழைய ஃபில்டர் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். அதன் அடித்தட்டில் ரிங் உட்காருகிற பள்ளம் காலி. சூட்டில் வெந்து இன்ஜினோடு ஒட்டிப்போன ரிங் அங்கேயே நின்றுவிட்டது. நான் பார்க்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரைத் திருகியிருக்கிறேன். புது ரிங்குக்கு அதன் தட்டில் பள்ளம் இருக்கிறது. பழைய ரிங்கைப் பிடித்துக்கொள்ள இன்ஜின் பக்கம் எதுவும் இல்லை. காலையில் குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், அழுத்தம் அதிகம். ரப்பர் மேல் ரப்பர் வழுக்கி ஒரு பக்கமாகப் பிதுங்கிவிட்டது. இறுக்க இறுக்க இன்னும் பிதுங்கும்.

அந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோது, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு குரல் காதில் கேட்டது. "பழசு எங்க கண்ணு?"

அப்பா டாக்ஸி ஓட்டினார். அம்பாசடர். மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி ஒரு சந்தில், புளியமரத்துக்குக் கீழே இருந்த பட்டறையில்தான் வண்டிக்கு எல்லாம் நடக்கும். பள்ளிக்கூடம் லீவு என்றால் என்னையும் கூட்டிப்போவார். பட்டறைக்காரரை நான் மேஸ்திரி மாமா என்று கூப்பிடுவேன். மண்ணெண்ணெய்ச் சட்டியில் சாமான் கழுவுவது என் வேலை.

அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் ஃபில்டர் என்றால் இன்று நாம் பார்க்கிற மூடிய டப்பா கிடையாது. இன்ஜின் பக்கவாட்டில் இரும்புக் கிண்ணம் ஒன்று தொங்கும். பவுல் என்பார்கள். அடியிலிருந்து ஒரு நீளமான போல்ட் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். போல்ட்டைக் கழற்றினால் பவுல் நிறைய கறுப்பு ஆயிலோடு கைக்கு வரும், பாதி முழங்கை வழியாகச் சட்டைக்குள் போகும். உள்ளே காகித எலிமெண்ட், ஸ்பிரிங், வாஷர்கள். எல்லாவற்றையும் கழுவி, எலிமெண்ட்டை மட்டும் புதிதாகப் போட்டு மறுபடி மாட்ட வேண்டும். பவுலின் வாய் போய் அழுந்துகிற இடத்தில், மேலே தலைப்பகுதியில் ஒரு பள்ளம். அதற்குள்தான் ரப்பர் ரிங். அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. அழுக்கும் ரப்பரும் ஒரே கறுப்பு. புது எலிமெண்ட் பெட்டியிலேயே புது ரிங்கும் இருக்கும். அவசரக்காரன் பழசைத் தோண்டாமல் அதன் மேலேயே புதுசை வைத்து அழுத்திவிடுவான். என்னுடைய போர்ட்டிகோவில் நடந்ததுதான் அப்புறம் நடக்கும்.

மேஸ்திரி மாமா குத்தூசி வைத்திருந்தார், சாக்குத் தைக்கிற குத்தூசி. அதைப் பள்ளத்துக்குள் விட்டு, முள் எடுக்கிற மாதிரி நெம்பி, ரிங்கை முழுசாக வெளியே எடுப்பார். துண்டு துண்டாக வந்தால் துணிமேல் வைத்து வட்டமாகச் சேர்த்துப் பார்ப்பார், ஒரு துண்டு குறைந்தாலும் மறுபடி குத்தூசி. எடுத்த ரிங்கைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டுவார். பையன்கள் யாராவது புது ரிங்கைக் கேட்டால், "பழசு எங்க கண்ணு?" என்பார். ஆணியில் தொங்கினால்தான் புதுசு கிடைக்கும். வளையல் கடை மாதிரி அந்த ஆணி நிறைய ரிங் தொங்கும். பிற்பாடு நான் மில்லில் கணக்கெழுதப் போனபோது, ஸ்டோரில் பழைய சாமானை ஒப்படைத்தால்தான் புது சாமான் தருவார்கள் என்ற விதி எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

ஃபில்டரே இல்லாத காலமும் இருந்தது. 1920ல் எங்கள் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தபோது, மோட்டார் வண்டிகளில் இன்று நாம் சொல்கிற ஆயில் ஃபில்டர் பொதுவாகக் கிடையாது. அன்றைக்கு உலகமெங்கும் ஓடிய ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்ப்பே இல்லை. சுழல்கிற ஃப்ளைவீல் ஆயிலை வாரி அடிக்கும், தெறித்ததுதான் மசகு. அளவு பார்க்கக் குச்சியும் கிடையாது. அடியில் மேலொன்று கீழொன்றாக இரண்டு குட்டிக் குழாய்கள். கீழ்க்குழாயைத் திறந்தால் ஆயில் வர வேண்டும், மேல்குழாயில் வரக்கூடாது. அதைப் பார்க்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். புழுதி, கரி, இரும்புத்தூள் எல்லாம் ஆயிலிலேயே சுற்றும். ஒரே மருந்து, அடிக்கடி வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுவது.

அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் 1923ல் ஆயிலை வடிகட்ட ஒரு கருவி செய்தார். 'ப்யூர் ஆயில் லேட்டர்' என்பதைச் சுருக்கி 'ப்யூரோலேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். 1924ல் வந்த முதல் கிரைஸ்லர் காரில் அது இருந்தது. பம்ப் வைத்து, குறுகிய துவாரங்கள் வழியாக ஆயிலை அழுத்தி பேரிங்குக்கு அனுப்புகிற வேகமான இன்ஜின் அது. தெறிப்பு மசகுக்குக் கொஞ்சம் மண் பரவாயில்லை. ஊசித்துளைக்கு ஆகாது.

ஆனால் அந்தக் காலத்து ஃபில்டர்கள் பெரும்பாலும் ஆயில் முழுவதையும் வடிகட்டவில்லை. பம்ப்பிலிருந்து கிளை பிரிந்த ஒரு சின்னக் குழாய் வழியாகக் கொஞ்சம் ஆயில் மட்டும் போய் வடிந்து சம்ப்புக்குத் திரும்பும். பை-பாஸ் முறை. மீதி ஆயில் அழுக்கோடு நேராக பேரிங்குக்கு. உள்ளே வடிகட்டியாகத் துணி இருந்தது, பிறகு பல ஃபில்டர்களில் பருத்தி நூல் கழிவைத் திணித்தார்கள். நான் இதை முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். 'வேஸ்ட் காட்டன்' என்று பேரேட்டில் முப்பது வருஷம் எழுதியவன் நான். அமெரிக்காவின் வட கரோலினாவில் கேஸ்டோனியா என்று ஒரு ஊர் இருக்கிறது. அதுவும் நூல் மில்களால் வளர்ந்த ஊர்தான், நம் கோயம்புத்தூர் மாதிரி. பேர்பெற்ற ஒரு ஃபில்டர் கம்பெனி 1939ல் அங்கேதான் பிறந்தது. பெயர் விக்ஸ். மூக்கடைப்புக்குத் தடவுகிற விக்ஸ் வேறு.

பிறகு மடித்த காகிதம் வந்தது, கூடவே முழு ஆயிலையும் வடிகட்டுகிற முறையும் பரவியது. இன்ஜினுக்கு அது நல்லது. ஆனால் ரிங்கின் ஜாதகம் அன்றைக்குத்தான் மாறியது. பை-பாஸ் ஃபில்டருக்குப் போகிற வழியில் ஒரு சிறு துளை ஆயிலை அடக்கியே அனுப்பும், அதனால் அங்கே ரிங் கசிந்தால் சொட்டு. முழு ஆயிலும் போகிற இடத்தில் ரிங் நழுவினால் பம்ப் தள்ளுகிற மொத்தமும் ரோட்டுக்கு. மேஸ்திரி மாமா ஆணி அடித்தது இதனால்தான்.

பவுலைக் கழுவுகிற தொல்லைக்கு முடிவு கட்டியது, திருகி மாட்டித் திருகிக் கழற்றி எறிகிற டப்பா. 1954ல் தாங்கள்தான் அதைக் கொண்டுவந்ததாக விக்ஸ் சொல்லிக்கொள்கிறது. நம் ஊர்ப் பட்டறைகள் பலவற்றுக்கு அது சகஜமானது 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு. ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகி, ரிங் தொட்டதும் முக்கால் சுற்று. அவ்வளவுதான். குத்தூசிக்கு வேலை இல்லை. முதல் டப்பாவைப் பார்த்து மேஸ்திரி மாமா, "இதுல கழுவறதுக்கு என்ன இருக்குது?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. பையன்களுக்குக் கொண்டாட்டம். பழைய ரிங் பழைய டப்பாவோடு போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள், நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் அப்படித்தான் போகவும் செய்யும். சுவரில் அந்த ஆணி எப்போது காலியானது என்று யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

இப்போது வருகிற பல கார்களில் டப்பா போய், மறுபடியும் காகித எலிமெண்ட் வந்துவிட்டது. பவுலுக்குப் பதில் பிளாஸ்டிக் மூடி, அதன் கழுத்தில் ஒரு ரிங். இரும்பு டப்பாவைக் குப்பையில் எறியாமல் காகிதத்தை மட்டும் எறியலாம் என்று கணக்கு. மாப்பிள்ளையின் காரை ஆயில் மாற்ற ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனேன், சொந்தமாகச் செய்கிற ஆசை எனக்குப் போயிருந்தது. இருபத்திரண்டு வயசுப் பையன் மூடியைக் கழற்றி, சின்ன ஊக்கு மாதிரி ஒன்றால் பழைய ரிங்கை நெம்பி எடுத்து, வளையல் போல மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான்.

"எதுக்குப்பா அது?"

"மறக்காம இருக்கத்தானுங்கய்யா. புதுசு உள்ள உக்காந்தாத்தான் இதைக் கழட்டுவேன்."

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லை, போன மாசம் ஒரு வண்டியில் இரண்டு ரிங் போட்டுத் திட்டு வாங்கினேன் என்றான். வேலையை முடித்து, ஸ்டார்ட் செய்து, அடியில் டார்ச் அடித்துக் காட்டினான். காய்ந்த இரும்பு. நான் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதும் அந்த ரிங் அவன் கையில்தான் கிடந்தது.