ஒகினாவாவின் மரபு ஆயுதங்கள்

இன்று ஜப்பானின் தென்கோடி மாநிலமாக உள்ள ஒகினாவா, 1429 முதல் 1879 வரை ரியூக்யூ என்னும் தனி அரசாக இருந்தது. அங்கு வளர்ந்த ஆயுதக்கலை கொபுதோ எனப்படுகிறது. ஆறடிக் கழியான போ, இருபுறமும் கொக்கி வளைந்த இரும்புச் சாய், குறுக்குக் கைப்பிடி கொண்ட தொன்ஃபா, கயிற்றால் பிணைத்த இரட்டைக் குச்சியான நுன்சாக்கு, அரிவாளான காமா, படகுத் துடுப்பான ஏக்கு ஆகியவை இதன் முக்கியக் கருவிகள்.

இவற்றின் தோற்றம் பற்றி உலகெங்கும் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. மன்னர் ஷோ ஷின் குடிகளின் ஆயுதங்களைப் பறித்தார். 1609இல் படையெடுத்து வென்ற ஜப்பானின் சத்சுமா பகுதி ஆட்சியாளர்கள் தடையை இறுக்கினர். வேறு வழியில்லாத உழவர்கள் திரிகைக் கைப்பிடியைத் தொன்ஃபாவாகவும் குதிரைக் கடிவாளத்தை நுன்சாக்காகவும் மாற்றிக்கொண்டனர் என்பது அது. கேட்கச் சுவையான கதை. ஆனால் சான்றுகள் அதற்கு அவ்வளவாக இடம்கொடுக்கவில்லை.

ஆயுதப் பறிப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஷூரி அரண்மனையின் 1509ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஒகினாவா ஆய்வின் முன்னோடி இஃபா ஃபுயு அதை அவ்வாறே விளக்கினார். நாட்டைக் காக்க வாளும் வில்லும் சேமித்து வைக்கப்பட்டன என்பதே அதன் பொருள் என்று பிற்கால ஆய்வாளர்கள் மறுத்தனர். சத்சுமாவின் கெடுபிடியும் முதன்மையாகத் துப்பாக்கிகள் மீதுதான்.

சாய் வயலில் பயன்பட்ட கருவி என்பதற்கும் நல்ல சான்று இல்லை. அது குற்றவாளிகளை மடக்கக் காவல் அதிகாரிகள் ஏந்திய ஆயுதம். சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் அதை ஒத்த கருவிகள் உண்டு. மலாக்கா, சியாம் வரை கப்பலோட்டி வணிகம் செய்த நாட்டுக்கு அவை வந்து சேர்ந்திருப்பதில் வியப்பில்லை. கழிச்சண்டைப் பயிற்சி வரிசைகளுள் ஒன்று சகுகாவாவின் பெயரால் வழங்குகிறது. அவர் உழவர் அல்லர், பெச்சின் என்னும் அதிகாரி வகுப்பினர். துடுப்பும் அரிவாளும் மீனவர், உழவர் கையிலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. மொத்தக் கலையையும் அவர்கள் கணக்கில் எழுதுவதுதான் மிகை.

ரியூக்யூ அரசு 1879இல் ஜப்பானுடன் இணைக்கப்பட்டபின் இக்கலை நலிந்தது. யபிகு மொதென், அவருடைய மாணவர் தைரா ஷின்கென் (1897–1970), மத்தயோஷி ஷின்கோ (1888–1947) ஆகியோர் சிதறிக் கிடந்த பயிற்சி முறைகளைத் தேடித் தொகுத்தனர்.

நுன்சாக்கை உலகறியச் செய்தவை 1970களின் புரூஸ் லீ படங்கள். அந்தப் புகழே அதற்குத் தடையையும் கொண்டுவந்தது. நியூயார்க் மாநிலம் 1974இல் அதை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2018இல்தான் கூட்டாட்சி நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது.