கையும் ஊசியும்: ஒரு பொருத்தத்தின் வரலாறு

பழைய டர்ன்டேபிள் மீது மறுபடியும் ஒரு மோகம் வந்திருக்கிறது. பரணில் கிடந்த இசைத்தட்டுகளைத் துடைத்து எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த டோன் ஆர்ம் பெஸ்ட்? எந்த கார்ட்ரிட்ஜ் பெஸ்ட்?" இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது என்பது என் கட்சி. இரண்டையும் தனித்தனியாக எடைபோட முடியாது. இது தெரியாமல் ஒரு தலைமுறையே நல்ல கைகளைக் காயலான் கடையில் போட்டது.

'டோன் ஆர்ம்' என்ற சொல்லைப் பாருங்கள். சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் காலத்துச் சொல் அது. அப்போது அந்தக் கை உள்ளே வெற்றுக் குழாய். ஊசிமுனையில் பிறந்த ஓசை அதன் வழியாகத்தான் கொம்புக்குப் போனது. மின்சாரம் வந்தபின் அந்த வேலை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சில் இதை 'ப்ரா த லெக்த்யூர்' என்பார்கள், வாசிக்கும் கை. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. கை பாடுவதில்லை, வாசிக்கிறது. வாசிக்கிற கை நடுங்கக் கூடாது, எழுத்தை அழிக்கவும் கூடாது.

முதலில் இந்தப் பொருத்தத் தொல்லையே இல்லை. எங்கள் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தாக்கள் சிலர் வீட்டில் லியோன் நகரத்து தெப்பாஸ் பெட்டி இருக்கும். கையும் ஊசியும் கம்பெனிக்காரனே முடித்து வைத்த கல்யாணம். நாம் தட்டை வைத்தால் போதும். கையைத் தனியாக, கார்ட்ரிட்ஜைத் தனியாக வாங்கும் பழக்கம் 1950-களில் ஹை-ஃபை ரசிகர்களிடையே பரவியபோதுதான் சிக்கல் பெரிதானது.

1948-இல் எல்.பி. தட்டு வந்தது. 78 வேகத் தட்டில் எஃகு ஊசி நூறு கிராமுக்கு மேல் அழுத்தியது. வினைல் அதைத் தாங்காது. 1958 வாக்கில் ஸ்டீரியோ கடைக்கு வந்ததும் ஊசி பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழும் ஆட வேண்டியதாயிற்று. அப்போதிலிருந்து எல்லோருக்கும் ஒரே மந்திரம்: எடையைக் குறை.

1959-இல் இரண்டு பொருள்கள் பிறந்தன. இங்கிலாந்தில் அலஸ்டேர் ராபர்ட்சன்-ஐக்மன் என்பவர் ஸ்கேல் மாடல் எக்விப்மென்ட் என்ற பெயரில், மாடல்களுக்கான நுண்பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு கை செய்தார். பார்த்தவர்கள் எல்லோரும் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அதுதான் எஸ்.எம்.இ. 3009, அதன் பன்னிரண்டு அங்குல அண்ணன் 3012. தராசு முள் கத்திமுனையில் நிற்குமே, அதே முறையில் அந்தக் கை மேலும் கீழும் அசையும். அதே ஆண்டு டென்மார்க்கில் ஆர்டோஃபோன் கம்பெனியின் ராபர்ட் குட்மன்ட்சன், எஸ்.பி.யு. என்ற மூவிங் காயில் கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தார். தலையோடு சேர்த்துச் சுமார் 30 கிராம். 3012-இல் எஸ்.பி.யு.வை மாட்டினால் இரண்டும் ஒன்றுக்கென்றே செய்தவை போல இருக்கும். ரசிகர்கள் இன்றைக்கும் அந்த ஜோடியை விடவில்லை.

ஆனால் காற்று வேறு பக்கம் அடித்தது. அமெரிக்காவில் ஷூர் கம்பெனி 1964-இல் வி15 கார்ட்ரிட்ஜை விட்டது. 1973-இல் வந்த அதன் மூன்றாம் வகைக்கு ஒரு கிராம் அழுத்தமே போதும். ஊசித்தண்டு நாணல் மாதிரி வளையும். அதற்கு ஈடாக எஸ்.எம்.இ.யும் தன் கையை இளைக்க வைத்தது. 1970-களின் 'இம்ப்ரூவ்ட்' மாடலில், கழற்ற முடியாத தலை வைத்ததன் செயல் எடை 6.5 கிராம்தான். செயல் எடை என்பது தராசில் காட்டும் எடை அல்ல, அசையும்போது ஊசி உணர்கிற பாரம். இந்த ஜோடி உலகை ஆண்டது. கனமான கை என்றாலே பழம் பஞ்சாங்கம் என்று பத்திரிகைகள் பேசின.

அது பாதி உண்மைதான். கையின் பாரமும் ஊசித்தண்டின் நெகிழ்ச்சியும் சேர்ந்தால் ஊஞ்சல் மாதிரி ஓர் இயல்பான ஆட்டம் உண்டாகும். அந்த ஆட்டம் வினாடிக்கு 8-இலிருந்து 12 தடவைக்குள் இருக்க வேண்டும். கீழே போனால் நெளிந்த தட்டில் கை படகாக ஆடும். மேலே போனால் இசையின் அடித்தள ஓசையை நெருங்கி அதைக் கெடுக்கும்.

பாரிசில் இருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவன் பழைய சாமான் சந்தையில் அந்த இலகுவான எஸ்.எம்.இ. கையை வாங்கினான். கூடவே புதிதாக ஜப்பானின் டெனான் டி.எல்.103. இது என்.எச்.கே. வானொலிக்காக 1960-களில் உருவான மூவிங் காயில், ஊசித்தண்டு விறைப்பு, இரண்டரை கிராம் அழுத்தம் கேட்கும். போனில் புலம்பினான்: "அண்ணே, ரெண்டுமே பெஸ்டுன்னாங்க. சேர்த்து வெச்சா சத்தம் மெலிசா இருக்கே?"

கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் அல்லவா நான், காகிதம் எடுத்தேன். சூத்திரம் எளிது: மொத்த பாரத்தை நெகிழ்ச்சி எண்ணால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுக்க வேண்டும். டெனான் தரும் நெகிழ்ச்சி எண் 5. ஆனால் ஜப்பானியர் அதை 100 ஹெர்ட்ஸில் அளப்பவர்கள். நமக்கு வேண்டிய 10 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 10. கை 6.5, கார்ட்ரிட்ஜ் 8.5, ஆக 15 கிராம். விடை 13. எல்லை தாண்டிவிட்டது. அதே டெனானை 25 கிராம் கையில் மாட்டினால் 8.7. அந்த எஸ்.எம்.இ.யிலேயே 6 கிராம் எடையும் 25 நெகிழ்ச்சியும் உள்ள ஷூர் வகையை மாட்டினால் 9. கையிலும் குற்றமில்லை, ஊசியிலும் குற்றமில்லை.

"கையை விக்காதே, அதுக்கு இளகின ஊசியா ஒண்ணு பாரு" என்றேன். டெனானுக்குக் கனமான வேறு கை தேடிக்கொண்டிருக்கிறான்.

காலமும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தது. 1970-களின் கடைசியில் ஜப்பானிலிருந்து மூவிங் காயில் அலை மறுபடி எழுந்தது. விறைப்பான ஊசிகள் வந்ததும் இலகுவான கைகள் திணறின. ஃபிடெலிட்டி-ரிசர்ச் கம்பெனியின் எஃப்.ஆர்.64எஸ் துருப்பிடிக்காத எஃகில் வந்தது. செயல் எடை 35 கிராம்! எடை குறைப்பதில் முன்னே ஓடிய எஸ்.எம்.இ.யே 1980 வாக்கில் பன்னிரண்டு அங்குலக் கையை 3012-ஆர் என்று மீண்டும் செய்து விற்றது. அதற்குள் எத்தனை 3012-கள் அடிமாட்டு விலைக்குப் போயிருக்குமோ. இன்று அவற்றின் விலையைக் கேட்டால் என் பென்ஷன் வெட்கப்படும்.

ஷூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்திவிட்டது. எஸ்.எம்.இ. 2019-ஓடு கையைத் தனியாக விற்பதை விட்டுவிட்டது. வானொலி நிலையத்துக்காகச் செய்த அந்த விறைப்பான டெனான் மட்டும், அதே உருண்டை முனை ஊசியோடு, அதே இரண்டரை கிராம் கேட்டுக்கொண்டு, இன்னும் கடையில் கிடைக்கிறது.