ரூபாயைப் பற்றி ஒரு மகார் எழுதிய புத்தகம்

தலித் எழுதினால் தன் வேதனையைத்தான் எழுதுவான் என்றொரு பேச்சு நம்ம இலக்கிய வட்டாரத்தில் ரொம்ப நாளாக இருக்கிறது. வேதனையை எழுதத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திக்கொள் என்கிறார்களே, அவர்களிடம் ஒன்று கேட்கணும். டாக்டர் அம்பேத்கரின் முதல் புத்தகம் எதைப் பற்றியது? தீண்டாமையைப் பற்றியதல்ல, பணத்தைப் பற்றியது. 1923இல் லண்டனில் பி.எஸ். கிங் நிறுவனம் வெளியிட்ட 'ரூபாயின் பிரச்சினை'தான் அது. அந்தக் கைப்பிரதி எப்படி முடிந்தது என்பது நம்ம வரலாறு.

1916இல் நியூயார்க்கிலிருந்து லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். பரோடா சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகையின் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அவரது மூட்டை முடிச்சு வேறொரு கப்பலில் வந்தது. அது உலகப்போர்க் காலம். நீர்மூழ்கி தாக்கி அந்தக் கப்பல் கடலுக்குள் போனது. பட்டினி கிடந்து வாங்கிய புத்தகங்களும் அதோடு போயின. அதற்குக் கிடைத்த இழப்பீட்டுக் காசில்தான் பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அங்கே பியூன்கள் கோப்புகளைத் தூரத்தில் நின்று வீசினார்கள். தலைசாய்க்க ஒரு அறைகூடக் கிடைக்கவில்லை. வேலையை விட்டார்.

பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை பார்த்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். நண்பர் நவல் பதேனா 5000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல் மறுபடி கப்பல் ஏறினார். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது உள்ளே போனால் மூடும்போதுதான் வெளியே வருவார். சாப்பாட்டுக்குச் செலவழித்தால் படிப்புக்குக் காசிருக்காது என்பதால் வயிற்றைக் கட்டினார். இடையில் 1921இல் எம்.எஸ்சி. முடித்தார், பாரிஸ்டரும் ஆனார்.

ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தால் 1923 தொடக்கத்தில் அதைத் தேர்வாளர்கள் ஏற்கவில்லை. திருத்தி எழுதச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் இந்திய நாணயத்தை நடத்திய லட்சணத்தை அது தோலுரித்தது. அன்றைக்குப் பொருளாதாரப் பேரறிஞர் கெய்ன்ஸ் ஆதரித்த தங்க மாற்று முறையையே அது எதிர்த்தது. ரூபாயை அச்சடிக்கும் அதிகாரம் கட்டுக்கடங்காமல் அரசாங்கத்தின் கையில் இருக்கக்கூடாது என்றது. ரூபாயின் மதிப்பு சரிந்து விலை ஏறும்போது கூலி அதோடு சேர்ந்து ஏறுவதில்லை. அடி வாங்குபவன் கூலிக்காரன். இப்போ சொல்லுங்க, இது யாரோட விஷயம்?

கையில் காசு தீர்ந்துபோய் அந்த ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். பரேலில் குடும்பத்தோடு இரண்டே அறை. திருத்தி எழுதி ஆகஸ்டில் மறுபடி அனுப்பினார். முடிவுகளை மாற்றவில்லை என்று அவர் வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் சொல்கிறார். நவம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். டி.எஸ்சி. பட்டம் வந்தது. ஆசிரியர் எட்வின் கேனன் முன்னுரை கொடுத்தார். பல இடங்களில் எனக்கு உடன்பாடில்லை என்று அதிலேயே எழுதினார், வாதத்தின் புதுமையைப் பாராட்டவும் செய்தார். 1925இல் இந்திய நாணயம் பற்றி விசாரிக்க வந்த ராயல் கமிஷன் முன்னால் அம்பேத்கர் சாட்சியம் சொன்னார். மகார் பிள்ளை சொன்னதை வெள்ளைக்கார அரசாங்கத்தின் கமிஷன் உட்கார்ந்து கேட்டது.

புத்தகத்தைத் தாய் தந்தை நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார். அப்பா சுபேதார் ராம்ஜி, மகன் கேட்ட புத்தகத்தை வாங்க, கட்டிக்கொடுத்த பெண்களின் நகையை வாங்கி அடகு வைத்தவர். பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அந்தப் புத்தகத்துக்குள் அக்காமார்களின் நகையும் இருக்கிறது, நண்பனின் கடனும் இருக்கிறது. மேல்சாதிக்காரன் முதல் புத்தகத்துக்குத் தாத்தா சேர்த்த அலமாரி இருக்கும். நமக்கு இப்படித்தான்.

இன்றைக்கும் நம்ம பிள்ளைகள் எம்.ஃபில்., பிஎச்.டி. என்று எழுதியது பெட்டிக்குள் கிடக்கிறது. இந்த அத்தியாயத்தை எடு, அந்தச் சொல்லை மாற்று என்று மேலே இருப்பவர்கள் சொன்னதும் பலபேர் எழுதியதையே வெறுத்து ஒதுங்கிவிடுகிறார்கள். தோழர்களே, சொல்லைத் திருத்துங்கள், வரிசையை மாற்றுங்கள், மூன்றாம் முறைகூட எழுதுங்கள். கண்ட முடிவை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆகஸ்டில் மறுபடி அனுப்புங்கள்.