ஒன்பது மணிச் செய்தி

போன வாரம் ஜானகிராமனை டெல்லிக்குக் கிளப்பிவிட்டுத் 'தொடரும்' போட்டேன். ஏழு நாள் காத்திருந்துவிட்டீர்கள். இனி ஒரு நிமிஷம்கூட இழுக்கப் போவதில்லை.

நினைவிருக்கிறதல்லவா? 1978. பொங்கல் நாள், சனிக்கிழமை. பம்பாய் ரிசர்வ் வங்கியில் நோட்டு விவகாரங்களைக் கவனித்துவந்த மூத்த அதிகாரி ஆர். ஜானகிராமனுக்கு டெல்லியிலிருந்து போன் வந்தது. அவசர வேலை, இன்றே புறப்பட்டு வாருங்கள். என்ன வேலை என்று கேட்டார். அன்னியச் செலாவணி சம்பந்தப்பட்டது என்றார்கள்.

மனிதர் அதை அப்படியே நம்பினார். நம்பியதால்தான் அன்னியச் செலாவணிக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து எம். சுப்பிரமணியத்தையும் கையோடு அழைத்துக்கொண்டு போனார். இரண்டு பெயரிலும் நம் ஊர் வாசம் அடிக்கிறது. அன்று இருவர் வீட்டிலும் பொங்கல் பானை இறங்கியதா இல்லையா என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன்.

டெல்லியில் போய் நின்ற பிறகுதான் விஷயம் உடைந்தது.

அன்னியச் செலாவணியும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ஆகிய மூன்று நோட்டுகளும் செல்லாது என்று அரசு முடிவெடுத்துவிட்டது. அதற்கான அவசரச் சட்டத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள்.

கூடவே ஒரு நிபந்தனை. பம்பாய்த் தலைமை அலுவலகத்தோடு எந்தத் தொடர்பும் கூடாது.

அந்த நிபந்தனையில் இருந்த பயம் நியாயமானது. பம்பாயில் ஒருவர் காதில் விழுந்தால் போதும், மாலைக்குள் கடைத்தெருவுக்கே தெரிந்துவிடும். பெட்டியில் கட்டுக்கட்டாக வைத்திருப்பவன் பொழுது விடிவதற்குள் அதைத் தங்கமாகவோ நூறு ரூபாய்த் தாளாகவோ மாற்றிவிடுவான். பிரதமர் மொரார்ஜி தேசாயின் ஜனதா அரசுக்கு அந்த நோட்டு வேண்டியதில்லை. நோட்டு வைத்திருந்த ஆள்தான் வேண்டும்.

யார் அந்த ஆள்? கறுப்புப் பணக்காரர்கள் என்று அரசு சொன்னது. ஆட்சியை இழந்த பழைய தலைவர்களைக் குறிவைத்த அம்பு இது என்று ஜனதா கூட்டணிக்குள்ளேயே சிலர் நம்பினார்கள். இதைச் சொன்னவர் சாதாரண ஆளில்லை. அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் ஐ.ஜி. படேல், பிற்பாடு தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியது.

படேலுக்கு இந்தத் திட்டம் துளியும் பிடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. நிதியமைச்சர் எச்.எம். படேலிடம் நேராகவே சொன்னார். கறுப்புப் பணத்தை யாரும் பெட்டியிலும் தலையணை உறையிலும் நோட்டாக அடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. இதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கணக்கில் காட்ட முடியாதவன்கூட வேறு ஆளை அனுப்பி மாற்றிக்கொள்வான்.

இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எச்சரிக்கை எடுபடவில்லை. இரண்டு தமிழ்ப் பெயர்க்காரர்களும் காகிதத்தோடு உட்கார்ந்தார்கள்.

எங்கே தொடங்குவது? நோட்டு அச்சிடும் வித்தை தெரிந்தவர்கள் இருந்தார்கள், எண்ணுபவர்கள் இருந்தார்கள், எரிப்பவர்களும் இருந்தார்கள். ஒரே இரவில் நோட்டைச் சாகடிக்கும் சட்டம் எழுதியவர் அந்த அறையில் யாரும் இல்லை. யோசித்தார்கள். ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

1946ஆம் ஆண்டின் பழைய அவசரச் சட்டம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இதே வேலையை ஒருமுறை செய்திருந்தார்கள். அப்போது பலியானவை ஐந்நூறும் ஆயிரமும் பத்தாயிரமும். நிதியமைச்சகம் அந்தப் பிரதியைத் தேடிக் கொடுத்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய சொற்களைப் பார்த்துப் புதிய சட்டம் வரி வரியாக உருவாகத் தொடங்கியது.

அவர்கள் எழுதிக்கொண்டிருக்கட்டும். நாம் ஒரு நிமிஷம் வெளியே வருவோம்.

அடிக்க வராதீர்கள். காரணம் இருக்கிறது.

அந்த இரவை வைத்து இன்றும் ஒரு வியாபாரம் நடக்கிறது. செத்துப்போன அந்த மூன்று நோட்டுகளுக்கும் சேகரிப்பாளர்களிடம் இப்போது நல்ல விலை. நல்ல விலை உள்ள இடத்தில் போலி வரும். போலி தனியாக வராது, ஒரு கதையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுதான் வரும்.

டெல்லி ஆர்.கே.புரத்தையே எடுத்துக்கொள்வோம். செக்டார் செக்டாராக மத்திய அரசுக் குவார்ட்டர்ஸ். மலை மந்திரில் முருகன். பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கும் உங்களிடம் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டி, விபூதி, தணிந்த குரல்.

"சார், நம்ம தாத்தா இங்கேதான் செக்டார் குவார்ட்டர்ஸ்ல இருந்தார். நிதியமைச்சகம். எழுபத்தெட்டுல நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்களே, அப்ப டைபாய்டு. பாங்குக்குப் போக முடியல. டிரங்குப் பெட்டி அடியில கிடந்தது. வீட்டைக் காலி பண்றோம். உங்களைப் பார்த்தா நல்ல மனுஷனாத் தெரியுது. வெளியில சொல்லிடாதீங்க."

கையில் ஆயிரம் ரூபாய் நோட்டு. பின்பக்கம் தஞ்சைப் பெரிய கோயில்.

நம் ஊர்க் கோயில் ஐயா! டெல்லிக் குளிரில் ஒரு தமிழனுக்கு இதைக் காட்டினால் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும்.

நின்று பாருங்கள், எவ்வளவு கச்சிதமான கதை! குவார்ட்டர்ஸ் நிஜம். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பது நிஜம். செல்லாது என்ற அறிவிப்பு நிஜம். மாற்றிக்கொள்ள மூன்றே நாள்தான் கிடைத்தது, அதுவும் நிஜம். கோயில் நிஜம். அத்தனை நிஜத்துக்கு நடுவே ஒரே ஒரு பொய்யை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த நோட்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். ஜானகிராமனைப் பம்பாயிலிருந்து கிளப்பியதும் ஒரு கதைதானே? 'அன்னியச் செலாவணி வேலை'. அவசரம், ரகசியம், உங்களால்தான் முடியும். அரசாங்கம் நாட்டுக்காகப் பயன்படுத்திய அதே மூன்று சரக்கைத்தான் இந்த ஆளும் பையில் வைத்திருக்கிறார். நல்ல அதிகாரியே ஏமாந்தார் என்றால் நாம் எம்மாத்திரம்?

சரி, எப்படிப் பிடிப்பது?

கதையைக் கேளுங்கள், ரசியுங்கள், காபிகூட வாங்கிக் கொடுங்கள். கண்ணை மட்டும் நோட்டில் வையுங்கள். ஒரு லென்ஸ் போதும். நிஜ நோட்டில் கோயில் விமானத்தின் கோடுகளைப் பாருங்கள். கோடு கோடாகவே ஓடும். கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து அச்சடித்ததில் அதே கோடு புள்ளி புள்ளியாக உதிர்ந்துவிடும். சின்ன எழுத்துகள் குழம்பி ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். நீர்க்குறி காகிதத்துக்குள்ளே இருக்க வேண்டும். வெளிச்சமே இல்லாமல் மேஜையில் கிடக்கும்போதே பளிச்சென்று தெரிந்தால் அது மேலே பூசியது. புற ஊதா விளக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. இக்காலக் காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் அந்த விளக்கில் நீலமாக ஜொலிக்கும். பழைய பருத்திக் காகிதம் பொதுவாகச் சோர்ந்துபோய்க் கிடக்கும்.

எனக்குப் பிடித்த சோதனை அழுக்குதான். நோட்டுக்கு வயசு கூட்டத் தேயிலை டிகாக்‌ஷனில் முக்குகிறார்கள். நிஜமான வயசு மடிப்பில் அழுக்காகவும் ஓரத்தில் தேய்மானமாகவும் சேரும். டிகாக்‌ஷனுக்கு அந்த விவஸ்தை தெரியாது, எல்லா இடத்திலும் ஒரே பழுப்பு. அக்காலத்தில் வங்கிக் கட்டுகளைப் பின் அடித்தே கொடுப்பார்கள். அதனால் இடது பக்கம் ஓட்டை இருந்தால் பயப்படாதீர்கள். வங்கிக் கட்டிலிருந்து அப்படியே எடுத்தது என்று சத்தியம் செய்கிற நோட்டில் ஓட்டையே இல்லை என்றால்தான் கேள்வி கேளுங்கள்.

சில போலிகளுக்கு லென்ஸே வேண்டாம், சரித்திரம் போதும்.

ஜார்ஜ் மன்னர் தலையோடு ஐயாயிரம் ரூபாய் நோட்டு என்று ஒருவர் காட்டினால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ரிசர்வ் வங்கி 1938இல் மன்னர் தலையோடு ஆயிரமும் பத்தாயிரமும் வெளியிட்டது. ஐயாயிரம் அந்த வரிசையில் கிடையவே கிடையாது. அது 1954இல்தான் பிறந்தது. காந்தி படத்தோடு பத்தாயிரம் காட்டினால் சிரிக்கக்கூட வேண்டாம். காந்தி நோட்டுக்குள் வந்ததே 1969இல், அவருடைய நூற்றாண்டுக்காக. பத்தாயிரத்தில் அவர் ஏறவே இல்லை.

இனி மிகத் தந்திரமான வகை. நோட்டு நிஜம், கதை பொய். 'சீனப் போர் சமயத்தில் தாத்தா வாங்கி வைத்தது' என்பார். கையெழுத்தைப் பார்த்தால் கே.ஆர். பூரி. அவர் கவர்னரானது 1975இல். மூன்று உருப்படிகளில் அதிகம் புழங்கியது ஆயிரம்தான். அதன் விலையைக் கூட்டிக் கேட்கத்தான் தாத்தாவைப் போருக்கு அனுப்புகிறார்கள்.

போகிறபோக்கில் இன்னொரு கும்பலையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் விற்க வருவதில்லை, வாங்க வருகிறார்கள். டிராக்டர் போட்ட உங்கள் ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம், 786 எண் இருந்தால் இன்னும் அதிகம், பதிவுக் கட்டணமும் வரியும் மட்டும் முதலில் அனுப்புங்கள். சிலர் ரிசர்வ் வங்கியின் முத்திரையையே போட்டு அனுப்பினார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, பழைய நோட்டு வியாபாரத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று.

போதும். டெல்லியில் இருவர் இன்னும் விழித்திருக்கிறார்கள்.

இப்போது அவர்கள் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான். நோட்டைச் சாகடிப்பது சுலபம். வைத்திருப்பவனை எப்படி வெளியே வரவைப்பது?

சட்டம் அதற்கு வழி வைத்தது. மாற்றிக்கொள்ளலாம், 19ஆம் தேதி வரை. சும்மா நீட்டினால் கிடைக்காது. யார் நீ, இது எப்படி வந்தது, ஏன் வைத்திருந்தாய் என்று கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும். 17ஆம் தேதி வங்கிகளுக்கு விடுமுறை. 16ஆம் தேதிக்குமேல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அந்த நோட்டு போகவும் கூடாது, வாங்கவும் கூடாது.

எலிப்பொறி தயார்.

சொன்ன நேரத்தில் வரைவு முடிந்தது. திங்கட்கிழமை, பொழுது இன்னும் விடியவில்லை. காகிதம் குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டியின் கையெழுத்துக்குப் போனது.

கையெழுத்து விழுந்தது.

அந்த நிமிஷத்தில் நாட்டில் வெளியே இருந்த பெரிய நோட்டுகளின் மதிப்பு சுமார் 146 கோடி ரூபாய். பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் அதை வைத்திருந்தவர்கள் போர்வைக்குள் இருந்தார்கள்.

காலை மணி ஒன்பது. ஆல் இந்தியா ரேடியோவில் செய்தி.

வானொலி சொல்லி முடித்தது. நாடு காபி டம்ளரைக் கீழே வைத்தது.

இங்கேதான் சட்டத்தின் ஒரு சின்ன வரியைக் கவனிக்க வேண்டும். நோட்டுகள் அந்த நொடியே செல்லாமல் போகவில்லை. 16ஆம் தேதி முடியும்போதுதான் செல்லாது என்று எழுதியிருந்தார்கள். அதாவது நள்ளிரவு வரை அவை பணம்தான். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பதினைந்து மணி நேரம், விஷயம் தெரிந்தவன், தெரியாதவன், தெரிந்தும் தெரியாததுபோல் நடிப்பவன் எல்லோரும் ஒரே கடைத்தெருவில் நின்றார்கள்.

இறுதிக் கணக்கில் சுமார் 125 கோடி திரும்பி வந்தது. ஏறக்குறைய 20 கோடி வரவே இல்லை. மலை மந்திர் படியில் நின்ற நம் தாத்தா கதைக்கு முதலீடே அந்த 20 கோடிதான். அதை அப்புறம் பார்ப்போம். எனக்கு வராதது பெரிதாகப் படவில்லை, வந்ததுதான் உறுத்துகிறது.

எலிப்பொறிக்குள் இத்தனை எலிகள் தாமாகவே வந்து, பெயரும் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போகுமா?

ஐ.ஜி. படேல் சொன்ன கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. வேறு ஆளை அனுப்பி மாற்றிக்கொள்வான் என்றாரே.

18ஆம் தேதி காலை வங்கி வாசலில் வரிசை. முன்னால் நின்றவர் கையில் விண்ணப்பம், மடியில் நோட்டு. கவுண்டரில் இருந்தவர் கேட்டார்: "இது யாருடைய பணம்?"

(அடுத்த வாரம்)